நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு

ஒரு பெரிய விபத்து நடந்த மறுநாள் பேப்பரை எடுத்துப் பாருங்கள். முதல் பத்தியில் இறந்தவர்களின் எண்ணிக்கை இருக்கும். கடைசிப் பத்தியில், இறந்தவர் குடும்பத்துக்கு இத்தனை லட்சம் நிவாரணம் என்ற அறிவிப்பு இருக்கும். படித்ததும் நமக்கு, "சரி, அந்தக் குடும்பத்துக்கு ஏதோ கொடுத்துட்டாங்க" என்று மனசு ஆறிவிடும். பல சமயம் அந்தக் குடும்பமும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறது. செக் வந்தது, பேங்கில் போட்டாச்சு, விஷயம் முடிந்தது.

முடியவில்லை நண்பர்களே. நிவாரணம் என்பது அரசாங்கம் இரக்கப்பட்டுக் கொடுப்பது. எவ்வளவு என்று அவர்கள் முடிவு செய்வார்கள். இழப்பீடு என்பது, யாருடைய தவறாலோ அல்லது யாருடைய பொறுப்பிலோ ஓர் உயிர் போனால், அவரை நம்பி இருந்தவர்கள் கேட்டு வாங்க வேண்டியது. இதில் இரக்கத்துக்கு வேலை இல்லை, சட்டமும் கணக்கும்தான். முதலாவதை வாங்கிக்கொண்டால் இரண்டாவது போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நான் வக்கீல் இல்லை. படித்தது பி.காம்., வேலை பேங்கில், ஊர் கஞ்சிக்கோடு, பிழைப்பு கடல் கடந்து. ஆனால் இறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்டருக்கு முன்னால் நிற்கும் குடும்பங்களை இருபது வருஷமாகப் பார்த்து வருகிறேன். அவர்களில் பலருக்கு இந்த இரண்டு சொற்களுக்கும் வித்தியாசம் தெரியாது. இந்த உரிமை எப்படி வந்தது என்ற கதையைச் சொன்னால் வித்தியாசம் தானாகப் புரிந்துவிடும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

செத்தால் வழக்கு இல்லை

கதை லண்டனில் ஆரம்பிக்கிறது. 1808ல் ஒருவரும் அவர் மனைவியும் குதிரை கோச் வண்டியில் போனபோது வண்டி கவிழ்ந்தது. அவருக்குக் காயம். மனைவி ஒரு மாதம் போல் உயிரோடு இருந்து இறந்துவிட்டார். கணவர் வழக்குப் போட்டார். தலைமை நீதிபதி எல்லன்பரோ பிரபு சொன்னது இதுதான்: சிவில் நீதிமன்றத்தில் ஒரு மனிதரின் மரணத்தை நஷ்டம் என்று புகார் செய்ய முடியாது. மனைவி உயிரோடு துன்பப்பட்ட அந்த ஒரு மாதத்துக்கு மட்டும்தான் கணக்கு. இறந்த நாளோடு கணக்கு முடிந்தது.

இதன் விபரீதத்தைப் பாருங்கள். வண்டிக்காரன் ஒருவரின் காலை உடைத்தால் பணம் கட்ட வேண்டும். ஆளையே கொன்றுவிட்டால் குடும்பத்துக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை!

அப்போது இங்கிலாந்தில் இன்னொரு பழைய வழக்கமும் இருந்தது. ஒருவர் சாவுக்குக் காரணமான பொருள், அது வண்டியோ மாடோ, அதன் மதிப்பை அரசருக்குக் கட்ட வேண்டும். அதற்கு 'டியோடாண்ட்' என்று பெயர். ரயில் வந்ததும் இந்த வழக்கம் பெரிய தலைவலி ஆயிற்று. 1841 டிசம்பர் 24 அன்று சோனிங் என்ற இடத்தில் கிரேட் வெஸ்டர்ன் ரயில் மண்சரிவில் மோதி, கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய்க்கொண்டிருந்த கட்டடத் தொழிலாளர்கள் இறந்தார்கள். விசாரித்த ஜூரி, எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் சேர்த்து 1,000 பவுண்டு டியோடாண்ட் போட்டது. சட்டப்படி அந்தப் பணமும் செத்தவர் வீட்டுக்குச் சேர வேண்டியதில்லை.

ரயில் கம்பெனிகள் பதறின. 1846ல் நாடாளுமன்றம் இரண்டு வேலைகளைச் செய்தது. டியோடாண்டை ஒழித்தது. கேம்ப்பெல் பிரபு கொண்டுவந்த சட்டத்தின் மூலம், இறந்தவரின் மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகள் தங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு வழக்குப் போடலாம் என்று வழி திறந்தது. அரசர் கைக்குப் போன பணம் குடும்பத்துக்குத் திரும்பிய இடம் இதுதான்.

ரயிலோடு வந்த சட்டம்

இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் 1853ல் பம்பாயிலிருந்து தாணேவுக்கு ஓடியது. இரண்டே வருஷத்தில், 1855ல், அந்த ஆங்கிலேயச் சட்டத்தைப் பார்த்து எழுதிய 'உயிரிழப்பு விபத்துச் சட்டம்' இங்கே வந்தது. 1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில். 1862ல் போத்தனூரிலிருந்து பட்டாம்பி வரை பாதை திறந்தபோது, வாளையார், கஞ்சிக்கோடு வழியாகப் பாலக்காட்டுக் கணவாய்க்குள் ரயில் நுழைந்தது. அதாவது எங்கள் ஊருக்கு ரயில் வருவதற்கு முன்பே, ரயிலில் அடிபட்டுச் செத்தால் வழக்குப் போடலாம் என்ற சட்டம் வந்துவிட்டது.

அந்த 1855 சட்டம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. தனிச் சட்டம் எதிலும் அடங்காத சாவுகளுக்கு, உதாரணமாக ஒருவரின் அஜாக்கிரதையால் சுவர் இடிந்து விழுந்தால், சிவில் கோர்ட்டில் இதை வைத்துத்தான் வழக்கு. கெடு இறந்த நாளிலிருந்து 2 வருஷம்.

ஆனால் சட்டம் இருந்தால் போதுமா? தவறு யாருடையது என்று நிரூபிக்க வேண்டும், கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும், எதிரே நிற்பது பெரிய கம்பெனி. கூலி வேலை செய்தவரின் விதவையால் இது முடியுமா? அடுத்த நூறு வருஷக் கதை முழுவதும் இந்தத் தடைகளை ஒவ்வொன்றாக எடுத்த கதைதான்.

கைக்காசு கொடுத்துக் கையெழுத்து வாங்கக் கூடாது

முதலில் தொழிலாளிகளுக்காக 1923ல் ஒரு சட்டம் வந்தது. வேலை செய்யும்போது, வேலையின் காரணமாக ஒருவர் இறந்தால், முதலாளி தவறு செய்தாரா என்று பார்க்கத் தேவையில்லை. வயதையும் சம்பளத்தையும் வைத்து ஓர் அட்டவணை. கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டியதுதான்.

அதில் இருந்த ஒரு விதியை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சாவுக்கான இழப்பீட்டை முதலாளி குடும்பத்தின் கையில் நேராகக் கொடுக்கக் கூடாது, ஆணையரிடம் கட்ட வேண்டும். ஐம்பதாயிரத்தைக் கையில் திணித்து வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கினால், அது இழப்பீடு கொடுத்ததாகவே ஆகாது. உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தமும் செல்லாது. துக்க வீட்டில் என்ன நடக்கும் என்பது அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது எங்கள் பக்கத்துச் சம்பவம் ஒன்று. 2024 நவம்பர் 2 அன்று ஷொர்ணூரில் பாரதப்புழை பாலத்தின் மேல் தண்டவாளத்தில் குப்பை அள்ளிக்கொண்டிருந்த நான்கு ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்கள் கேரளா எக்ஸ்பிரஸ் மோதி இறந்தார்கள். நால்வரும் சேலம் பக்கத்துத் தமிழர்கள். தமிழ்நாட்டு முதலமைச்சர் குடும்பத்துக்கு 3 லட்சம் நிவாரணம் அறிவித்தார். நல்ல விஷயம்தான். ஆனால் சட்டப்படி எவ்வளவு என்று ஒரு கணக்குப் பார்ப்போமா?

அப்போதைய விதிப்படி மாதச் சம்பளத்தை 15,000 ரூபாய் வரை கணக்கில் எடுக்கலாம். அதில் பாதி 7,500. 40 வயதுக்காரருக்கு அட்டவணை எண் 184.17. பெருக்கினால் 13,81,275 ரூபாய். 30 வயது என்றால் எண் 207.98, தொகை 15,59,850. யாரோ ஒரு 40 வயதுத் தொழிலாளிக்குப் பொதுவாகப் போட்ட கணக்குதான் இது. 3 லட்சத்துக்கும் 13 லட்சத்துக்கும் உள்ள தூரம்தான் இந்தப் பதிவின் தலைப்பு.

"கான்ட்ராக்டர் ஆளுப்பா, கம்பெனிக்குச் சம்பந்தம் இல்லை" என்பார்கள். சம்பந்தம் உண்டு. ஒப்பந்ததாரர் மூலம் தன் வேலையைச் செய்விக்கும் முதன்மை முதலாளியிடமே இழப்பீட்டைக் கேட்கலாம் என்று அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொன்னது. 1923 சட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. அடிப்படை அப்படியேதான் இருக்கிறது.

பெட்டிமுடி

இதே கேரள எல்லையில் தெற்கே இடுக்கிக்குப் போனால், மூணாறுக்கு மேலே பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் தூங்கிக்கொண்டிருந்த லயங்கள் மீது மலை சரிந்தது. 70 பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழர்கள், பலருடைய பூர்வீகம் கயத்தாறு பக்கம். மாநில அரசு 5 லட்சம், பிரதமர் நிதியிலிருந்து 2 லட்சம் அறிவிப்பு. தப்பியவர்களுக்காகக் குற்றியாறு பள்ளத்தாக்கில் 8 வீடுகள் கட்டப்பட்டன.

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951ல் வந்தது. முதலாளி கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ இறந்தால் முதலாளியே இழப்பீடு தர வேண்டும் என்று 1981ல் அதில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். அருமையான பிரிவு. ஆனால் அதிலேயே ஒரு விலக்கும் உண்டு. வீடு இடிந்ததற்குக் குடியிருந்தவரின் தவறோ இயற்கைச் சீற்றமோ மட்டுமே நேரடிக் காரணமாக இருந்தால் பொறுப்பு இல்லை.

மழை கொட்டி மலை சரிந்தால் இயற்கைச் சீற்றம் என்று சொல்லிவிடலாம். அந்த இடத்தில் லயம் கட்டியது யார், எச்சரிக்கை கொடுத்தார்களா, ஆட்களை மாற்றினார்களா என்ற கேள்விகளுக்கு 'மட்டுமே' என்ற அந்த ஒரு சொல்லில்தான் இடம் இருக்கிறது. நிவாரணத்துக்கு இப்படிப்பட்ட கேள்விகள் தேவையே இல்லை. இழப்பீட்டுக்குத் தேவை. யார் பொறுப்பு என்று கேட்க வைக்கிறது என்பதற்காகவே இழப்பீட்டு வழக்கு முக்கியம்.

ஒரு கே.எஸ்.ஆர்.டி.சி. வழக்கு நாட்டுக்கே கணக்குச் சொல்லிக்கொடுத்தது

சரி, மலையிலிருந்து ரோட்டுக்கு இறங்குவோம். சேலம் முதல் கொச்சி வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 544 கஞ்சிக்கோடு வழியாகத்தான் போகிறது. வாளையார் செக்போஸ்ட்டும் லாரி வரிசையும் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது.

மோட்டார் வாகனச் சட்டம் 1939ல் வந்தது. மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸைக் கட்டாயம் ஆக்கியது. எதிராளியிடம் காசு இல்லை என்ற பிரச்சினைக்கு அது பதில். 1956 திருத்தம் தனித் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தது. இன்று தமிழ்நாட்டில் 'எம்.சி.ஓ.பி.' என்றும் கேரளத்தில் 'ஓ.பி.எம்.வி.' என்றும் வக்கீல் குமாஸ்தாக்கள் சொல்லும் வழக்கு அங்கேதான் நடக்கிறது. இப்போதிருப்பது 1988ஆம் வருஷச் சட்டம்.

ஆனாலும் ஒரு குழப்பம் தீரவில்லை. உயிருக்கு எப்படிக் கணக்குப் போடுவது? ஒவ்வொரு நீதிபதி ஒவ்வொரு விதமாகப் போட்டார்கள். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு எதிராக, நாற்பதை எட்டாத வயதில் இறந்த ஒருவரின் மனைவி நடத்திய வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. அவர் சம்பளம் மாதம் 1,032 ரூபாய். உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. ஒன்று, அவர் உயிரோடு இருந்திருந்தால் சம்பளம் ஏறியிருக்குமே, அதையும் பார்க்க வேண்டும். இரண்டு, குடும்பத்துக்கு வருஷத்துக்கு எவ்வளவு நஷ்டம் என்று கண்டுபிடித்து, வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும்.

எங்களைப் போன்ற பேங்க்காரர்களுக்கு அந்தத் தீர்ப்பில் இன்னொரு பாகம் முக்கியம். மைனர் பிள்ளைகளின் பங்கை அவர்கள் மேஜர் ஆகும் வரை ஃபிக்சட் டெபாசிட்டில் வைக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் பங்கையும் டெபாசிட்டில் போட்டுப் பாதுகாக்க வேண்டும். தீர்ப்பாயம் சொல்லாமல் அதன் மேல் கடன் கொடுக்கக் கூடாது. "எங்க பணத்தை எடுக்க கோர்ட் எதுக்கு சார்?" என்று கவுன்டரில் கோபப்படுபவர்கள் உண்டு. சாவுக்கு வந்த பணத்தின் மேல் எத்தனை கைகள் நீளும் என்று பார்த்தவர்களுக்கு அந்த விதியின் அருமை தெரியும்.

2009லும் 2017லும் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இந்தக் கணக்கை வாய்ப்பாடு மாதிரி ஆக்கிவிட்டன. ஓர் உதாரணம் போடுவோம். 38 வயது, நிரந்தர வேலை, மாதம் 25,000 சம்பளம். வீட்டில் மனைவி, இரண்டு குழந்தைகள், அம்மா.

வருஷச் சம்பளம் 3,00,000. நாற்பது வயதுக்குள், நிரந்தர வேலை என்பதால் எதிர்கால உயர்வுக்கு 50 சதவீதம் கூட்டினால் 4,50,000. நம்பியிருப்பவர்கள் நான்கு பேர் என்பதால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 3,37,500. 36 முதல் 40 வயதுக்குப் பெருக்கு எண் 15. ஆக 50,62,500 ரூபாய். இதற்கு மேல் இறுதிச் சடங்குச் செலவு, துணையை இழந்ததற்கு என்று சிறு தொகைகள், வட்டி.

வீட்டு வேலை மட்டும் செய்த பெண் என்றால்? "வருமானமே இல்லையே" என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்லுவார். 1989ல் ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீல் விழாவில் தீப்பிடித்து 60 பேர் இறந்தார்கள். அந்த வழக்கில் 2001ல் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியின் உழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்புப் போட்டது. இன்றைக்கு அந்தத் தொகை சிறியது. ஆனால் 'சும்மா இருக்கிறவங்க' என்ற பேச்சுக்குக் கோர்ட்டில் இடமில்லாமல் போனது.

எல்.ஐ.சி. பணம் வந்துவிட்டதே, அதைக் கழிப்பார்களா? மாட்டார்கள். அவர் கட்டிய பிரீமியத்துக்கு வந்த பணம் அது, விபத்து செய்தவருக்கு அதில் தள்ளுபடி கிடையாது. 1998 முதல் உச்ச நீதிமன்றத்தின் நிலை இதுதான்.

எல்லை தாண்டி வழக்கு

2020 பிப்ரவரி 20 விடியற்காலை, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போன கேரள அரசு பஸ் மீது, கொச்சிப் பக்கமிருந்து வந்த கன்டெய்னர் லாரி அவிநாசி அருகே நடுத்தடுப்பைத் தாண்டி வந்து மோதியது. 19 பேர் இறந்தார்கள். எங்கள் ஊர் வழியாகப் போகும் அதே 544. விபத்து திருப்பூர் மாவட்டத்தில், இறந்தவர்கள் பெரும்பாலும் பாலக்காடு, திருச்சூர், எர்ணாகுளம் பக்கம்.

வழக்கை எங்கே போடுவது? 1988 சட்டம் முதலில் எழுதப்பட்டபோது, விபத்து நடந்த இடத்துத் தீர்ப்பாயத்தில்தான் போட முடியும். பாலக்காட்டு விதவை ஒவ்வொரு வாய்தாவுக்கும் வாளையாரைத் தாண்டி வர வேண்டியிருக்கும். 1994 திருத்தம் அதை மாற்றியது. விபத்து நடந்த இடம், வழக்குப் போடுபவர் வசிக்கும் இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம், எது வசதியோ அங்கே போடலாம். கஞ்சிக்கோட்டில் விபத்து நடந்தாலும் கோயம்புத்தூர்க் குடும்பம் கோயம்புத்தூரிலேயே வழக்கு நடத்தலாம். எல்லை ஊர்க்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை.

கெடு விஷயத்தில் கவனம். அந்த 1994 திருத்தம் 6 மாதக் கெடுவையும் எடுத்திருந்தது. 2019 திருத்தம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. இதை எதிர்த்து வழக்குகள் போயின. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கெடுவைக் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று இடைக்கால உத்தரவு போட்டது. அதை நம்பி உட்காராமல் 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.

மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டது, நம்பரே தெரியாது என்றாலும் 2 லட்சம் உண்டு (முன்பு 25,000 ஆக இருந்தது).

ராஜினாமாவும் இழப்பீடு ஆகாது

இனி ரயில். 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் அரித்துப் போய் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. ஏராளமானவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். இன்றுவரை அதைப் பெருமையாகச் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். ஆனால் 1943ல் ரயில்வே சட்டத்தில் சேர்த்த பிரிவு ஓர் உயிருக்கு வைத்திருந்த உச்சவரம்பு 10,000 ரூபாய்தான் என்பதை யாரும் சொல்வதில்லை.

இப்போதிருப்பது 1989 ரயில்வே சட்டம். அதன்படி ரயில் மோதல், தடம்புரளல் என்றால் யார் தவறு என்று கேட்காமலே இழப்பீடு. 1994ல் ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுவதையும் சேர்த்தார்கள். தொகை 1997ல் 4 லட்சம், 2017 முதல் 8 லட்சம். ரயில்வே கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் ஒரு வருஷத்துக்குள் மனு போட வேண்டும்.

இங்கேயும் ஒரு கேரள வழக்குதான் வழி காட்டியது. வர்க்கலை ஸ்டேஷனில் பரசுராம் எக்ஸ்பிரஸில் ஏறும்போது விழுந்து இறந்த ஒரு பெண்ணின் குடும்பம் போட்ட வழக்கு. ஏறும்போது விழுந்தது 'ரயிலிலிருந்து விழுந்தது' ஆகுமா என்று ரயில்வே உச்ச நீதிமன்றம் வரை வாதாடியது. ஆகும் என்று 2008ல் தீர்ப்பு. 2018ல் இன்னொரு வழக்கில், உடலோடு டிக்கெட் கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் மறுக்க முடியாது என்றும் சொன்னார்கள். டிக்கெட் இருந்தது என்று குடும்பம் பிரமாணப் பத்திரம் கொடுத்தால், அதன் பிறகு மறுத்து நிரூபிப்பது ரயில்வேயின் வேலை.

வெளியூரில் இருக்கும் நமக்கு

இதைப் படிப்பவர்களில் பலர் ஊரை விட்டுத் தள்ளி இருப்பவர்கள். நமக்கென்றே ஒரு கதை உண்டு. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள், 8 பேர் பிழைத்தார்கள். அதற்கு முந்தைய வருஷம்தான் இந்தியா மான்ட்ரியல் உடன்படிக்கையில் சேர்ந்திருந்தது. அதனால் குடும்பங்கள் பெரிய தொகை கேட்க முடிந்தது. எல்லோருக்கும் குறைந்தபட்சம் 75 லட்சம் தர வேண்டும் என்று 2011 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி சொன்னார். ஆகஸ்டில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. குறைந்தபட்சம் என்று ஒன்று இல்லை, அவரவர் நஷ்டத்தை நிரூபித்து வாங்க வேண்டும் என்றது.

பல குடும்பங்கள் கம்பெனி சொன்ன தொகைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டன. யாரைக் குறை சொல்ல முடியும்? அடுப்பு எரிய வேண்டுமே. ஆனால் துபாயில் பெரிய பதவியில் இருந்த ஒருவரின் குடும்பம் விடாமல் நடத்தியது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு 7 கோடியே 64 லட்சம் கொடுத்தது. விபத்து நடந்து ஏறக்குறைய பத்து வருஷம்.

இன்னொன்று. அமெரிக்காவில் வேலை பார்த்த ஒரு சாஃப்ட்வேர் எஞ்சினியர் பெண் 2009ல் ஊருக்கு வந்திருந்தபோது ஆந்திர அரசு பஸ் மோதி இறந்தார். டாலர் சம்பளத்தை ரூபாய்க்கு எந்தத் தேதி ரேட்டில் மாற்றுவது என்பது பெரிய வாதம் ஆனது. மனு போட்ட நாளின் ரேட் என்று 2025ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, 9 கோடியே 64 லட்சம் கொடுத்தது. பதினாறு வருஷம்! ஆகவே வெளிநாட்டில் இருப்பவர்கள் சம்பள ரசீது, வேலை ஒப்பந்தம், வரி கட்டிய தாள் இவற்றின் ஒரு நகலை வீட்டில் யாருக்காவது தெரியும்படி வையுங்கள். நஷ்டத்தை நிரூபிக்க வேண்டியது அந்தத் தாள்கள்தான்.

வெளிநாட்டிலேயே இறந்தால் அந்த நாட்டுச் சட்டம். அமீரகத்தில் அடுத்தவர் தவறால் இறந்தால் 2,00,000 திர்ஹம் 'தியா' என்று சட்டமே சொல்கிறது. சிங்கப்பூரில் வேலையில் இறந்தால் ஒரு வருஷத்துக்குள் கோர வேண்டும். உடல் ஊருக்கு வந்து சேர்ந்ததோடு முடிந்தது என்று நினைக்கும் குடும்பங்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியது

1. எஃப்.ஐ.ஆர். நகல், போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். இந்த நான்கும் இல்லாமல் எந்த வழக்கும் நகராது. பெயரும் வயதும் நான்கிலும் ஒன்றாக இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள்.

2. சம்பளத்துக்கு ஆதாரம். சம்பளம் பேங்க் வழியாக வந்தால் ஸ்டேட்மென்ட்டே சாட்சி. கையில் வாங்கிய கூலிக்குச் சாட்சி தேட வேண்டும்.

3. முதல் முப்பது நாளில் எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அது யார் கொண்டுவந்த தாளாக இருந்தாலும் சரி.

4. வக்கீல் வைக்கக் காசு இல்லை என்றால் மாவட்ட நீதிமன்றத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச உதவி உண்டு.

5. நீங்கள் வெளிநாட்டில் இருந்தால், இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கிய பவர் ஆஃப் அட்டர்னியை ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்புங்கள். கெடு நமக்காகக் காத்திருக்காது.

"செத்தவரை வைத்துக் காசு பார்க்கிறதா?" என்று சொந்தக்காரர்களே கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். 1808ல் அந்தக் கணவர் அப்படி நினைத்திருந்தால், கே.எஸ்.ஆர்.டி.சி. வழக்கில் அந்த மனைவி அப்படி நினைத்திருந்தால், மேலே போட்ட கணக்கு எதுவும் இன்று இருந்திருக்காது. உயிருக்கு விலை கிடையாது என்பது உண்மைதான். அந்தக் கணக்கில் வரும் தொகை பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், அம்மாவின் மருந்து, வீட்டு வாடகை. அவர் உயிரோடு இருந்திருந்தால் கொண்டுவந்திருப்பார். அதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நிவாரணம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள். அப்புறம் வக்கீலைப் பாருங்கள்.